பத்து மணிக்கு மேல

இது எங்கள் பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களையும் இருமலையும் மட்டும் நீக்கியிருக்கிறோம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே இருக்கிறது.

போன எபிசோட்ல சென்னையில மூடிப்போன பப்புகளைப் பத்திப் பேசினோம். ஸ்டெர்லிங் ரோட்டுல இருந்த ஹெச்.எஃப்.ஓ. பத்தி மட்டும் நிறைய வாய்ஸ் நோட் வந்துச்சு. அங்கதான் முதல் முதலா ஆடினேன்னு ஒருத்தர், அங்கதான் பிரேக்கப் ஆச்சுன்னு இன்னொருத்தர். எல்லாத்தையும் கேட்டேன், நன்றி.

அதுல ஒரு வாய்ஸ் நோட் மட்டும் வேற மாதிரி. "புரோ, நீங்க கடலூர் மாவட்டம்தானே? உங்க ஊர்ல நைட்லைஃப்னு என்ன இருந்துச்சு?" நான் உடனே ரிப்ளை பண்ணேன்: "பாண்டிச்சேரி பஸ் இருந்துச்சு." சிரிக்கிற எமோஜி வந்துச்சு. அத்தோட அது முடிஞ்சிருக்கணும். ஆனா ரெண்டு நாளா அந்த பதில் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஏன்னா அது பொய். அது பொய்னு எனக்கு நல்லாவே தெரியும்.

முதல்ல அதுல இருக்கிற உண்மையைச் சொல்லிடறேன். கடலூர்ல இருந்து பாண்டிச்சேரி இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். முள்ளோடை தாண்டினா வேற மாநிலம், வேற சட்டம், வேற விலை. இது இன்னைக்கு நேத்து கதை இல்ல. 1948-ல இருந்து 1971 வரைக்கும் இந்தப் பக்கம் முழு மதுவிலக்கு. அந்தப் பக்கம் 1954 வரைக்கும் பிரெஞ்சு ஆட்சி, அதுக்கப்புறமும் கடைங்க மூடல. அதனால "ராத்திரி வெளிய போறது"ன்னா எங்க ஊர்க்காரங்களுக்கு எல்லை தாண்டிப் போறதுன்னு ஆகிப்போச்சு. காலேஜ் படிக்கிறப்போ நாங்களும் அப்படித்தான். கடைசி பஸ்ஸை விட்டுட்டு முள்ளோடைக்கு நடந்து வந்து, லாரியைக் கை காட்டி நிறுத்தி ஏறி வந்த கதை என் செட்டுல எல்லார்கிட்டயும் இருக்கும்.

ஆனா அது குடிக்கிற இடத்தோட கதை. வாய்ஸ் நோட்ல கேட்டது அது இல்ல. பாட்டு, ஆட்டம், கூட்டம், ராத்திரி. அது எங்க ஊர்லயே இருந்துச்சு. அதுக்கு சவுண்டு போட்டது எங்க அப்பா.

இதை நான் இது வரைக்கும் இந்த பாட்காஸ்ட்ல சொன்னதே இல்ல. எங்க அப்பா மைக் செட் வெச்சிருந்தார். புவனகிரி பக்கம் ஒரு ஊர். இன்ஜினியரிங் முதல் வருஷம் ஹாஸ்டல் ஃபார்ம்ல தகப்பனார் தொழில்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல நான் "பிசினஸ்"னு எழுதினேன். பக்கத்து பெட் பையன் என்ன பிசினஸ்னு கேட்டான். "எலக்ட்ரானிக்ஸ்"னு சொன்னேன். பொய் இல்ல பாருங்க. ஆனா ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கும் தெரியும், கேட்ட அவனுக்கும் ஒரு மாசத்துல தெரிஞ்சிருச்சு.

சரி, கொஞ்சம் வெளியூர் போயிட்டு வரலாம். பெர்லின்ல டிரெஸோர்னு ஒரு கிளப். சுவர் இடிஞ்சு ரெண்டு வருஷத்துல, 1991-ல திறந்தாங்க. வெர்ட்ஹைம்ங்கிற பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரோட பணப்பெட்டக அறை, நிஜமாவே தரைக்குக் கீழ, அதுக்குள்ளதான் டெக்னோ. 2005-ல அந்த இடம் போச்சு, அப்புறம் 2007-ல ஒரு பழைய மின் நிலையத்துல மறுபடி ஆரம்பிச்சாங்க. நியூயார்க்ல பாரடைஸ் கராஜ். பேருலயே இருக்கு, வண்டி நிறுத்துற கட்டடம். 1977-ல இருந்து 1987 வரைக்கும் பத்தே வருஷம். லேரி லெவன்னு ஒரு டிஜே. வெளிய மதிப்பு கிடைக்காத கறுப்பின, லத்தீன், தன்பாலின ஆளுங்கதான் அங்க கூட்டம். அந்த கிளப் சவுண்டு சிஸ்டத்தைப் பத்தி இன்னைக்கும் ஆடியோ இன்ஜினியருங்க சாமி மாதிரி பேசுவாங்க. இதுக்கெல்லாம் புத்தகம் இருக்கு, டாக்குமென்டரி இருக்கு.

இதெல்லாம் படிக்கிறப்போ எனக்கு ஒரு பேட்டர்ன் தெரிஞ்சது. வேற எதுக்கோ கட்டின இடம். ராத்திரி மட்டும் உயிர் வரும். நடுவுல ஒரு சவுண்டு சிஸ்டம். பகல்ல மரியாதை கிடைக்காத ஆளுங்க. வாசல்ல எப்ப வேணா போலீஸ். படிக்கப் படிக்க எனக்கு எங்க ஊர் ஏரிக்கரை மைதானமும் ரெக்கார்டு டான்ஸும்தான் ஞாபகம் வந்துச்சு.

சென்னையிலயே பிறந்து வளர்ந்தவங்களுக்காக ஒரு நிமிஷம். ரெக்கார்டு டான்ஸ்னா சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு மேடையில ஆடுறது. இசைத்தட்டு சுத்தின காலத்துல வந்த பேரு, கேசட் வந்தப்பவும் மாறல. ஆடிமாசம் செடல், மாசி மகம், பொங்கல், ஏதாவது ஒண்ணு வரும். சாமி ஊர்வலம் முடிஞ்சதும் நிகழ்ச்சி. எம்.ஜி.ஆர். மாதிரி தொப்பி கண்ணாடி போட்டவர் ஒருத்தர், ரஜினி மாதிரி ஒருத்தர், காமெடி பண்ண ஒருத்தர், ரெண்டு மூணு பெண்கள். மேடைன்னா ஆரம்பத்துல ஸ்கூல் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டது, அப்புறம் டிராக்டர் டிரெய்லர். பின்னாடி ஒரு படுதா. உடை மாத்துறதுக்கு நாலு சவுக்குக் கட்டை நட்டு சேலை கட்டின ஒரு மறைப்பு.

இதுக்கு நடுவுல எங்க அப்பா. ஒரு மேசை, ஒரு ஆம்ப்ளிஃபயர், ரெண்டு கேசட் பிளேயர், ஒரு மைக். சுத்தியும் மரத்துல கட்டின குழாய். குழாய்னா கூம்பு ஸ்பீக்கர். அதை மரத்துல ஏறிக் கட்டுறதுக்கே தனி ஆள் உண்டு. நான் ரெண்டாம் வருஷம் சர்க்யூட் தியரில இம்பிடன்ஸ் மேட்சிங் படிச்சப்போ ரொம்பக் கஷ்டப்பட்டேன். லீவுல வீட்டுக்கு வந்து புலம்பினேன். அப்பா சோறு தின்னுக்கிட்டே சொன்னார்: "குழாய் ஒண்ணு பதினாறு ஓம்ஸ். நாலு குழாயை சேர்த்து ஒரே வயர்ல கொடுத்தா நாலு ஓம்ஸ். ஆம்ப்ளி பின்னாடி நாலு ஓம்ஸ் புள்ளியில மாட்டணும். எட்டுல மாட்டினா சுடும். இதைத்தான் நாலு வருஷம் சொல்லித் தராங்களா?" அவர் எட்டாவது ஃபெயில்.

இன்னொரு விஷயம். மைக் செட்டுன்னா வெறும் பாட்டு இல்ல. விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலமே குழாய் கட்டி பாட்டு ஆரம்பிக்கும். முதல்ல சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு, அது மாறவே மாறாது. அப்புறம் கதை வசனம். திருவிளையாடல் படத்தோட வசனம் ரெக்கார்டுல வந்திருந்துச்சு. படம் 1965-ல வந்தது. அதுக்கு முப்பது வருஷம் கழிச்சும் எங்க ஊர் ஆளுங்க அதைக் கேட்டுக்கிட்டே நாத்து நட்டாங்க. படத்தை ஒரு தடவை கூடப் பார்க்காத பாட்டிங்களுக்கு தருமி வசனம் மொத்தமும் மனப்பாடம். ஸ்ட்ரீமிங்னா அதுதான், என்ன, ஸ்கிப் பட்டன் கிடையாது.

டென்ட் கொட்டாயும் இப்படித்தான். கீத்துக் கொட்டகை, மணல் தரை, ஆம்பளை பொம்பளைக்கு நடுவுல தட்டி, ஒரே புரொஜெக்டர், ரீல் மாத்த ஒவ்வொரு தடவையும் இடைவேளை. அந்தக் கதை 1905-லயே ஆரம்பிச்சது. கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேல கிளார்க், டூபாண்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி ஊர் ஊரா டென்ட் அடிச்சுக் காட்டினார். அவரைப் பத்தி இன்னைக்கு எழுதுறாங்க, நல்ல விஷயம். சினிமாவோட வரலாறுங்கிறதால எழுதுறாங்க. எங்க ஊர்ல டென்ட் கொட்டாய் இருந்த இடத்துல இப்போ மினி கல்யாண மண்டபம். அதுவும் மூடிக்கிடக்கு.

ரெக்கார்டு டான்ஸைப் பத்தி யாரும் எழுதல. ஏன்னு எல்லாருக்கும் தெரியும்.

நான் இதை ரொம்ப அழகாக் காட்ட விரும்பல. பத்து மணிக்குப் பாட்டு ஒரு மாதிரி இருக்கும், குழந்தைங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்கும். பன்னெண்டு மணிக்கு மேல பொம்பளைங்க குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு அப்புறம் பாட்டு மாறும், கூட்டத்தோட குரல் மாறும். குடிச்சிட்டு மேடை ஏறுவாங்க. ஆடுற பெண்ணோட தோள்ல ரூபாய் நோட்டைக் குத்துறேன்னு கை நீட்டுவாங்க. மைக்ல "அன்பளிப்பு ஐந்து ரூபாய்"னு பேரைச் சொல்லச் சொல்லுவாங்க, சொல்லலேன்னா சண்டை. ஒரு சாதியைப் பெருமையாச் சொல்ற பாட்டை ஒருத்தன் கேட்பான். போட்டா அந்தப் பக்கம் அடி, போடலேன்னா இந்தப் பக்கம். எங்க அப்பாவுக்கு அதுக்கு ஒரு டெக்னிக் இருந்துச்சு. ஃபியூஸைப் பிடுங்கிடுவார். "கரண்ட் போச்சுங்க." இருட்டுல பத்து நிமிஷம். கோபம் ஆறிடும்.

ஊர் விழாவுக்கும் காலனி விழாவுக்கும் ஒரே குழாய் போகக் கூடாதுன்னு அவர்கிட்டயே சொன்னவங்க இருக்காங்க. அவர் ரெண்டுக்கும் போனார். அதுக்காக ரெண்டு வருஷம் ஒரு ஊர்ல ஆர்டர் இல்ல. இதை அவர் ஒரு வீரக்கதையா எப்பவும் சொன்னதில்ல, நான்தான் அவரோட கணக்கு நோட்டுல ஓட்டை இருக்கேன்னு கேட்டேன்.

இப்போ இது எப்படிப் போச்சுங்கிற கதை. டிவி வந்துச்சு, அதனாலன்னு எல்லாரும் சொல்லுவாங்க. டிவி ஒரு காரணம்தான். ஆனா ராத்திரியை முடிச்சு வெச்சது ஒரு நேரம். பத்து மணி.

2000-ல மத்திய அரசு ஒலி மாசு விதிகள் கொண்டு வந்தது. ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. வீடுங்க இருக்கிற பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. விழாவுக்காக வருஷத்துல 15 நாள் வரைக்கும், ராத்திரி 12 மணி வரை மாநில அரசு விலக்கு தரலாம்னு அப்புறம் ஒரு திருத்தம். 2005 ஜூலையில உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் உறுதி பண்ணி விரிவா ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாதுன்னு நம்ம மாநிலத்துல தனியாவே கெடுபிடி. விழா சீசன் வந்தா ஸ்டேஷன் முன்னாடி பறிமுதல் பண்ண குழாய்ங்களை அடுக்கி வெச்சு போட்டோ எடுப்பாங்க, பார்த்திருப்பீங்க.

எனக்கு ரொம்ப நாளா அந்தத் தீர்ப்பு மேல கோபம். எங்க அப்பா தொழிலைக் கொன்னது அதுதானேன்னு. இந்த எபிசோடுக்காக உட்கார்ந்து அதைப் படிச்சேன். அந்த வழக்கு எதுல ஆரம்பிச்சது தெரியுமா? பதிமூணு வயசுப் பொண்ணு ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளாகுறா, அவ கத்தினது பக்கத்துல சத்தமாப் போட்ட பாட்டுல யாருக்கும் கேட்கல. பேப்பர்ல வந்த அந்தச் செய்தியைக் காட்டித்தான் வழக்குப் போட்டிருக்கார் மனுதாரர். லேப்டாப்பை மூடிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பாகிட்ட சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "சத்தம் அதிகம்தான் வெச்சோம். அடுத்த ஊர் மைக் செட்டை விட நம்மது தூரம் கேட்கணும்னுதான் வெச்சோம்"னார். அவ்வளவுதான்.

நேரத்துக்கு அடுத்து அனுமதி. இது நாடகத்துக்கும் இருந்த பிரச்சனைதான். 1954-ல சென்னை மாகாணத்துல நாடகச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. எம்.ஆர்.ராதாவோட நாடகங்களை மனசுல வெச்சுதான் வந்ததுன்னு சொல்லுவாங்க. நாடகப் பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்க, நாடகத்தையே தடுக்க, அரசுக்கு அதுல அதிகாரம். எழுத்தாளர் ஞாநி அதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013-ல சென்னை உயர் நீதிமன்றம் அதோட முக்கியமான பிரிவுகளை ரத்து பண்ணுச்சு. ஐம்பத்தொன்பது வருஷம் ஆச்சு, ஆனா கடைசியில ஒரு நாடகக்காரர் தன் பேருல கேஸ் போட்டு ஜெயிச்சார்.

ரெக்கார்டு டான்ஸும் கோர்ட்டுக்குப் போச்சு, இன்னும் போகுது. இப்போ பேரு ஆடல் பாடல் நிகழ்ச்சி. போலீஸ் அனுமதி தராது, ஊர்க்காரங்க ஹைகோர்ட் போவாங்க, கோர்ட் நிபந்தனையோட அனுமதி தரும். அந்த நிபந்தனைகளைப் படிச்சா எங்க ஆபீஸ் டெம்ப்ளேட் மாதிரி இருக்கும், ஊர் பேரும் தேதியும் மட்டும் மாறும். ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதி கட்சி பாட்டு கூடாது, குடிச்சிட்டு வரக் கூடாது, இத்தனை மணிக்குள்ள முடிக்கணும். எல்லாமே நியாயமான நிபந்தனைதான், மறுக்கல. ஆனா மனுதாரர் யாருன்னு பாருங்க. விழாக் கமிட்டி. எதிர்மனுதாரர் போலீஸ். மேடையில ஆடப்போற பொண்ணு அந்தக் காகிதத்துல எங்கயுமே இல்ல. அவளுக்கு உடை மாத்த ரூம் இருக்கணும், பேசின காசு கொடுக்கணும், மேடையில யாரும் ஏறக் கூடாதுன்னு அவ பேருல கேட்க யாரும் இல்ல.

சிதம்பரத்துல இருந்துக்கிட்டு இதை யோசிக்காம இருக்க முடியாது. கோபுர வாசல்ல நூத்தியெட்டு கரணம், கல்லுல. மகா சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி, 1981-ல இருந்து நடக்குது. உலகம் பூரா இருந்து வந்து ஆடுறாங்க, ஒவ்வொருத்தர் பேரும் அழைப்பிதழ்ல இருக்கும், போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கும். அருமையான விழா, நான் ஸ்கூல் படிக்கிறப்போ கீழவீதியில இறங்கி நடந்தே போவேன். பரதநாட்டியம்னு நாம சொல்ற ஆட்டத்தையும் நூறு வருஷத்துக்கு முன்னாடி சதிர்னு சொல்லி முகம் சுளிச்சவங்க இருந்தாங்க. அப்புறம் ஆடுறவங்க மாறினாங்க, மேடை மாறுச்சு, பேரு மாறுச்சு, மரியாதை வந்துச்சு. அதே சிவராத்திரிக்கு எங்க ஊர் ஏரிக்கரையில முழிச்சிருக்கிறதுக்காக ரெக்கார்டு டான்ஸ் நடக்கும். அதுக்கு நோட்டீஸ்ல "பிரபல நட்சத்திரங்களின்"னு மட்டும்தான் போட்டிருக்கும். பேரு இருக்காது.

ஆனா பேரு ஒரு இடத்துல இருந்துச்சு. அதுதான் இந்த எபிசோட்.

எங்க அப்பாவுக்கு ஒரு பழக்கம். நிகழ்ச்சி நடக்கிறப்போ ரெண்டாவது பிளேயர்ல ஒரு கேசட்டைப் போட்டு மைக்ல வர்றதை ரெக்கார்டு பண்ணிடுவார். கலை ஆர்வம்னு நினைக்காதீங்க. அன்பளிப்பு கொடுத்தவன் மறுநாள் வந்து "என் பேரையே சொல்லல"ன்னு சண்டை போடுவான், அதுக்கு ஆதாரம். இப்போ நாங்க சர்வர் லாக் வெச்சிருக்கோமே, அதே காரணம். இப்படி ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கேசட் சேர்ந்துருச்சு.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர் பக்கத்துக்காரங்களுக்கு அந்தத் தேதி மறக்காது. பண்ருட்டி பலாவும் முந்திரியும் ஒரே காலையில படுத்துருச்சு. எங்க ஷெட்டோட ஆஸ்பெஸ்டாஸ் பறந்து எங்க விழுந்துச்சுன்னே தெரியல. குழாயெல்லாம் நசுங்கிப்போச்சு, ஆம்ப்ளிக்குள்ள தண்ணி. எனக்கு அப்போ பதினாலு வயசு. நசுங்கின குழாயை அப்பா காயலான் கடைக்கு எடைக்குப் போட்டார். அதுக்கு முன்னாடியே தொழில் படுத்துருச்சு, புயல் வந்து கணக்கை முடிச்சு வெச்சது, அவ்வளவுதான். டிரங்குப் பெட்டியில கேசட் பாதி சேறு. மீதியை அம்மா பரண்ல தூக்கிப் போட்டாங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அதை இறக்கினேன். இருபத்தேழு கேசட். டேப் மேல வெள்ளையா பூஞ்சை. சிலதுல உள்ள இருக்கிற அந்த ஸ்பாஞ்சு உதிர்ந்துருச்சு. வேற கேசட் கூட்டை உடைச்சு, டேப்பை மட்டும் மாத்தி, ஒரு பழைய டெக்கை ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடி வாங்கி, ஆடாசிட்டில ஏத்தினேன். பதினொண்ணு தேறுச்சு.

முதல்ல ஒண்ணை நல்லா கிளீன் பண்ணேன். ஜெனரேட்டர் சத்தம், கரண்ட் ஹம், கூட்டத்தோட இரைச்சல் எல்லாத்தையும் ஃபில்டர் போட்டு எடுத்துட்டேன். அப்பாவோட குரல் மட்டும் ஸ்டுடியோவுல பேசின மாதிரி வந்துச்சு. பெருமையா ஹெட்போனை அவர் காதுல மாட்டினேன். கேட்டார். கழட்டினார். "என்னடா, ஆளே இல்லாம இருக்கு?"

ஃபில்டரை எல்லாம் எடுத்துட்டு மறுபடி போட்டேன். அப்போதான் கண்ணை மூடிக்கிட்டார். ஜெனரேட்டர் சத்தத்தை வெச்சே எந்த ஊர்னு சொன்னார். ஒரு குழந்தை அழுற சத்தம், சுண்டல் விக்கிறவன் குரல், விசில், தூரத்துல நாய். நான் குப்பைன்னு எடுத்துப் போட்டதுதான் அந்த இடமே. சுவர் இல்லாத, கூரை இல்லாத ஒரு இடம், விடிஞ்சா வெறும் ஏரிக்கரை. அது இருந்ததுக்கு வேற அடையாளம் என்ன இருக்கு?

ஒரு கேசட்ல, 1992 மாசின்னு அட்டையில எழுதியிருக்கு, அப்பா ஒரு நடனப் பெண்ணை அறிமுகப்படுத்துறார். பேரு, ஊரு ரெண்டையும் சொல்றார். அவங்க மைக்கை வாங்கி நாலு வாக்கியம் பேசுறாங்க. மேடையில ஏறின ஒருத்தனை, கூட்டம் முன்னாடியே, சிரிச்சுக்கிட்டே, கீழ இறக்கி விடுறாங்க. என்ன சொன்னாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், காரணம் வருது. ஆனா கூட்டம் சிரிச்ச சிரிப்புல லெவல் மீட்டர் சிவப்புக்குப் போயிருச்சு. அவ்வளவு அபாரமான டைமிங். இன்னைக்கு அவங்க ஸ்டாண்ட்-அப் பண்ணா டிக்கெட் கிடைக்காது.

இதைத்தான் எபிசோடா போடணும்னு முடிவு பண்ணிட்டேன். அவங்களைத் தேடினேன். அப்பா, அப்பாவோட பழைய குழாய் கட்டுற ஆள், அவருக்குத் தெரிஞ்ச ஒரு மேளக்காரர்னு கை மாறி மாறி, விழுப்புரம் பக்கம் ஒரு ஊர்ல இருக்காங்கன்னு தெரிஞ்சது. அப்பாவும் நானும் போனோம். அறுபது வயசு இருக்கும். டீ போட்டுக் கொடுத்தாங்க. அப்பாவை "மைக்செட் அண்ணே"ன்னுதான் கூப்பிட்டாங்க.

போன்ல போட்டுக் காட்டினேன். தன் குரல் வந்ததும் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. மறுபடி போடச் சொன்னாங்க. மூணாவது தடவை கேட்டப்போ, "இதுக்கு அடுத்து கரண்ட் போயிடும் பாரு"ன்னாங்க. சரியா அடுத்த பாட்டுல போச்சு. அன்னைக்கு ராத்திரி ஸ்கூல் தாழ்வாரத்துல படுத்திருந்தது, கொசு, விடிஞ்சதும் கமிட்டிக்காரங்க காசைக் குறைச்சது, எல்லாம் சொன்னாங்க. கூட ஆடின ஒரு பொண்ணு அப்புறம் என்ன ஆனான்னும் சொன்னாங்க.

நான் மெதுவா ஆரம்பிச்சேன். "அம்மா, இதை நான் போடலாமா? நிறைய பேர் கேட்பாங்க. உங்க பேரு..."

"வேணாம் தம்பி," அப்படின்னாங்க. கோபம் எல்லாம் இல்ல. "என் பேத்தி நர்சிங் படிக்குது. மருமகன் வீட்டுல தெரியாது. நான் அங்க மில்லுல வேலை பார்த்தேன்னுதான் அவங்க நினைச்சிருக்காங்க."

நான் பேரை மட்டும் வெட்டிடறேன்னேன். குரலை மாத்திடறேன்னேன், அதுக்கு சாஃப்ட்வேர் இருக்குன்னு விளக்கமே கொடுக்க ஆரம்பிச்சுட்டேன். அப்பா என் தொடையில லேசா தட்டினார். நிறுத்திட்டேன்.

ஹாஸ்டல் ஃபார்ம்ல "பிசினஸ்"னு எழுதினவன் நான். எனக்கு அவங்க காரணம் புரியாதா? ஆனா நான் எழுதின பொய்க்கு ஒரு இழப்பும் இல்ல. இப்போ பெருமையா மைக் முன்னாடி உட்கார்ந்து திருத்திக்க முடியுது, லைக்கும் வரும். அவங்களுக்கு அந்த வசதி இல்ல. பாரடைஸ் கராஜ் பத்தி டாக்குமென்டரியில பேசுறவங்க எல்லாம் பேசத் துணிஞ்சவங்க. பேசாதவங்க எத்தனை பேர்னு நான் அது வரைக்கும் யோசிச்சதில்ல.

அதனால அந்தப் பகுதி இந்த எபிசோட்ல இல்ல. ஆர்க்கைவ்ல எங்கயும் ஏத்த மாட்டேன். என் ஹார்ட் டிஸ்க்ல இருந்தும் எடுத்துட்டேன். அவங்க ஒரு காப்பி கேட்டாங்க, பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தேன். பேத்தி போன்ல போட முடியாதபடி எப்படி வைக்கிறதுன்னு கேட்டாங்க. ஃபைலுக்கு "சுப்ரபாதம் 3"ன்னு பேரு வெச்சுக் கொடுத்தேன். அந்த ஒரு கேசட், ஒரிஜினல், அதையும் அவங்ககிட்டயே கொடுத்துட்டு வந்தோம்.

இப்போ நீங்க கேட்கப்போறது வேற கேசட். நாற்பது விநாடி. யாரோட பேரும் இதுல இல்ல. காணாமல் போன ஒரு நாலு வயசுப் பையனைப் பத்தின அறிவிப்பு, சிவப்பு டவுசர், மைக் செட் பக்கத்துல அழுதுகிட்டு இருக்கான். பேசுறது எங்க அப்பா. பின்னாடி ஜெனரேட்டர். நான் எதையும் கிளீன் பண்ணல.

(ஒலிப்பதிவு, 40 விநாடி)

உங்க வீட்டுப் பரண்ல இந்த மாதிரி கேசட் இருந்தா தூக்கிப் போடாதீங்க. டெக் இல்லேன்னா எனக்கு எழுதுங்க, என்கிட்ட இருக்கு. ஆனா அதுல யார் குரல் இருக்குன்னு முதல்ல கேளுங்க. அவங்க இருந்தா, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு கிளம்புறப்போ வாசல் வரைக்கும் வந்தாங்க. அப்பாகிட்ட சிரிச்சுக்கிட்டே, "அண்ணே, அன்னைக்கு கமிட்டிக்காரன் பிடிச்ச ஐம்பது ரூபாயை வாங்கித் தரேன்னீங்க, இன்னும் வரல"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அப்பா ஒண்ணும் பேசல. பஸ் ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "அந்த அம்மா நம்பர் வெச்சிருக்கியா? அதுல ஜிபே பண்ண முடியுமா?"ன்னார்.

"ஐம்பது ரூபாயாப்பா?"

"ஐம்பது இல்லடா. எழுபத்தஞ்சு. அவங்களுக்கு மறந்துருச்சு."

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம்.